இலக்கணப்படி அடங்கும்

அந்தக் கோட்டை நான் திருநெல்வேலி டவுணில், ரதவீதியில் ஒரு யூனிபாரம் கடையில் வாங்கினேன். கடைக்காரர், "லேபுக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன்.

"சயின்ஸ் டீச்சரா இருக்கீயளா?"

"இல்ல அண்ணாச்சி, பி.டி. டீச்சர்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், கையிலிருந்த கோட்டை ஒருமுறை பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா ஓடப் போறீய?" என்றார்.

துணி வெட்டி விற்கிறவருக்கு அரை நிமிடத்தில் புரிந்த விஷயம், ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துகிற தாளாளருக்கு ஆறு வருடமாகப் புரியவில்லை. இத்தனைக்கும் அவர் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் உண்டு. இரண்டையும் தபாலில் வாங்கினார் என்று சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டீச்சர் என்றால் சேலை கட்ட வேண்டும். சேலை கட்டினால் இடுப்பு தெரியும். இடுப்பு தெரிந்தால் மாணவன் மனம் கெடும். ஆகவே சேலைக்கு மேலே, முழங்கால் வரை தொங்குகிற ஒரு கோட். இடுப்பு தெரியாத வேறு உடையைக் கட்டிக்கொள்ளச் சொல்லலாமே என்று ஒரு மூளைக்கும் தோன்றவில்லை. அரசு அலுவலகத்துப் பெண்கள் சுடிதாரில் போய் வந்துகொண்டிருக்கிற காலத்தில், எங்களுக்கு மட்டும் முதலில் தெரிகிற உடை, அப்புறம் அதை மறைக்க இன்னொரு உடை. இடுப்பு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். கண்ணியம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு கண் இருக்கிறது, அது யாருடைய கண் என்றுதான் யாரும் சொல்வதில்லை.

கோட்டின் நிறம் காபிக்கும் களிமண்ணுக்கும் நடுவில் இருக்கும். சேலைக்கு ஏழு ஊக்கு, கோட்டுக்கு ஐந்து பொத்தான். காலை ஆறரை பஸ்ஸில் டவுணிலிருந்து கிளம்பி, கல்லிடைக்குறிச்சிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் உள்ளே ஊறல் எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் மைதானம். வேலை என்னவோ ஓட, குனிய, தாவக் கற்றுக்கொடுப்பது. நான் கல்லூரியில் தடை ஓட்டம் ஓடியவள். வாங்கின மெடல்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. இங்கே ஆறு வருடமாக வாயால் ஓடிக்கொண்டிருந்தேன். "முட்டியத் தூக்கு, தோள முன்னால சாய், கைய வீசு." நானோ கையை வீசினால் ஊக்கு தோளில் குத்தும்.

பையன்களுக்கு ஒரு பி.டி. சார் உண்டு. அவருக்கு டிராக் பேண்ட். நல்ல நீலத்தில், பக்கவாட்டில் இரண்டு வெள்ளைக் கோடு. அந்த பேண்ட் ஓட்டம் என்ற ஒன்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் செல்போனை வைத்துக்கொண்டு, இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். பையன்கள் அவர்களாகவே பந்தை உதைத்து, அவர்களாகவே சண்டை போட்டு, அவர்களாகவே சமாதானம் ஆவார்கள். ஓடாத மனிதருக்கு ஓடும் உடை. ஓடத் தெரிந்தவளுக்குக் கோட். மாணவிகளுக்குக்கூட விளையாட்டு நாளில் டிராக் பேண்ட் உண்டு. மைதானத்துக்கு வருகிறவர்களில் எனக்கு மட்டும்தான் அது ஆகாது.

மைதானத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வயல். நடவுக் காலத்தில் பெண்கள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே வீட்டு ஆம்பிளைகளின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்று நடுவார்கள். வெயிலுக்கும் சேற்றுக்கும் அது தோது. ஒருநாள் நான் சுவரோரமாக விசில் ஊதிக்கொண்டு நிற்கையில் அவர்களில் மூத்தவள் நிமிர்ந்து பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"ஏ டீச்சரே, நாங்க புருசன் சட்டையப் போட்டிருக்கோம். நீ யாரு சட்டையப் போட்டிருக்க?"

வயல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. அப்பா இல்லை. பிள்ளைக்கு நீளமான கால், யாரைக் கண்டும் பயம் கிடையாது. பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒட்டி நானே செய்து வைத்திருந்த தடைகளை அவள் முதல்நாளே ஆசையாகப் பார்த்தாள். ஓட விட்டேன். வேகம் அபாரம். ஆனால் ஒவ்வொரு தடைக்கும் முன்னால் தயங்கி, இரண்டு குட்டி அடி வைத்து, ஆட்டுக்குட்டி மாதிரி எம்பிக் குதித்தாள். பின்னங்கால் ஒவ்வொரு முறையும் குழாயில் அடித்தது. முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

தடை ஓட்டத்தில் குதிக்கவே கூடாது. அது தாண்டுவதல்ல, ஓடுவதுதான். தடைக்கு மேலே ஒரு நீண்ட அடி. முன்னங்கால் நேரே போகும். பின்னங்கால் பக்கவாட்டில் மடங்கி, முட்டி அக்குள் பக்கம் வரை ஏறி, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து விழவேண்டும். இதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. முடியும் என்கிறவர்கள் நீச்சலையும் தபாலில் படித்தவர்களாக இருப்பார்கள். யூடியூபில் காட்டினேன். "மிஸ், அவ ரொம்ப வேகமாப் போயிருதா, ஒண்ணும் பாக்க முடியல," என்றாள். பி.டி. சாரைக் கேட்டேன், ஒரே ஒருமுறை காலை மடக்கிக் காட்டுங்கள் என்று. "எனக்கு முட்டுவலி மிஸ்," என்றார். ஆடத் தெரியாதவளாவது கூடம் கோணல் என்றாள். இவர் கூடத்தின் பக்கமே வரமாட்டார்.

வட்டார அளவிலான போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாவட்டப் போட்டி. அந்தப் பிள்ளைக்கு அது வெறும் சான்றிதழ் அல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் விடுதியும் படிப்பும் கிடைத்தால் அவள் அம்மா இரட்டை ஷிப்டு பார்க்க வேண்டியதில்லை. இதை அம்மாவும் மகளும் என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார்கள். காலை மடக்கிக் காட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் தேவை. அந்த ஆள் ஏழு ஊக்குக்குள்ளும் ஐந்து பொத்தானுக்குள்ளும் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் உடை பற்றிய சுற்றறிக்கை வந்தது. வருடா வருடம் வருவதுதான். எழுதுகிறவர் தமிழ் ஐயா. தாளாளர் சொல்வதைச் செந்தமிழாக்குவது அவர் பொறுப்பு. அதில் இப்படி இருந்தது: "ஆசிரியர்கள் மைதானப் பணியின்போது டிராக் பேண்ட், டி-சர்ட் அணியலாம். ஆசிரியைகள் எந்நேரமும் சேலையும் அதன்மேல் மேலங்கியும் அணிந்து கண்ணியம் காத்தல் வேண்டும்."

ஐந்து வருடமாக இதைப் படிக்காமலே கட்டைவிரல் குறி போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்குப் போய், இரும்புப் பெட்டியிலிருந்து என் நியமன ஆணையை எடுத்துப் பார்த்தேன். "தங்களை இப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக நியமிக்கிறோம்." கீழே தாளாளரின் கையெழுத்தும் பச்சை மை முத்திரையும்.

ஆசிரியராக. ஆசிரியையாக என்று இல்லை.

திங்கட்கிழமை டிராக் பேண்ட்டும் முழுக்கை டி-சர்ட்டும் போட்டுக்கொண்டு போனேன். ஆணையை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தேன். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஆபீசுக்குள் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். மைதானத்தில் எட்டுத் தடையையும் வரிசையாக நட்டேன். பின்னால் போய் நின்று, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்தொரு வயதில், ஆறு வருடம் துருப்பிடித்த காலோடு. மூன்றாவதில் தட்டினேன். மற்றதெல்லாம் சுத்தமாகக் கடந்தேன்.

திரும்பி வந்து மூச்சு வாங்கும்போது அந்தப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"மிஸ், நீங்க ஓடுவீயளா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கணக்கு டீச்சரைப் பார்த்து, நீங்கள் கூட்டுவீர்களா என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

மூன்று நாள் கிடைத்தது. "தாண்டாதட்டி, ஓடு. பைய, மொதல்ல நடந்து பாரு. கால மடக்கு, இன்னும் மேல, அக்குளுக்கு வரட்டும். இங்கன பாரு, என் காலப் பாரு." அவள் பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஓடினேன், பக்கத்தில் ஓடினேன், அவள் முட்டியைக் கையில் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். புதன்கிழமை சாயங்காலம் எட்டுத் தடையையும் ஒன்றில்கூடப் படாமல் கடந்து வந்து, புல்லில் மல்லாந்து விழுந்து சிரித்தாள். ஆறு வருடத்தில் நான் வாங்கின சம்பளத்துக்கு அந்த மூன்று நாள்தான் வேலை செய்திருக்கிறேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஆசிரியர் கூட்டம். தாளாளரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அரிசி ஆலை வைத்திருந்தவர். நெல்லையும் பிள்ளைகளையும் ஒரே மாதிரி தரம் பிரிப்பவர். அவர் வேட்டியில் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சுற்றறிக்கை கிடையாது.

"என்னம்மா இது வேசம்? சர்க்கஸ்ல சேந்திருக்கீயளா?"

"சுற்றறிக்கைப்படிதான் வந்திருக்கேன் அண்ணாச்சி," என்று ஆணையை விரித்து வைத்தேன். "ஆசிரியர்கள் டிராக் பேண்ட் போடலாம்னு இருக்கு. நீங்க எனக்குக் குடுத்த ஆர்டர்ல ஆசிரியர்னுதான் இருக்கு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் காது சிவந்தது. "ஆம்பளைக்கு ஆம்பளை விதி, பொம்பளைக்குப் பொம்பளை விதி. இதுல என்ன பாகுபாட்டக் கண்டீய?"

பி.டி. சாருக்கு அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. "எங்களுக்கும் விதி உண்டுல்லா மிஸ்? தாடி வைக்கக் கூடாது, ஷூ போடணும், விழான்னா டை கட்டணும். நாங்க என்னைக்காவது பாகுபாடுன்னு கொடி புடிச்சமா?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதென்றால் இதுதான். ஆனால் இதே வாதத்தைப் படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் விதி இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள். விதி இருக்கிறதுதான். தாடியை எடுத்துவிட்டதால் சாருக்கு விசில் ஊத முடியாமல் போனதா? ஷூ போட்டதால் அவருக்குக் கால் மடங்காமல் போனதா? அவரை நாலு பேர் நல்லபடியாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு விதி. என்னை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று எனக்கு விதி. அவருடைய விதி அவர் வேலையைத் தொடவில்லை. என்னுடையது என் வேலையைப் பிடுங்கிக்கொண்டு சம்பளத்தை மட்டும் கையில் கொடுக்கிறது. இதற்குப் பாகுபாடு என்று பெயர் இல்லையென்றால் அந்தச் சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் அன்றைக்கு இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். சுற்றிலும் இருபதுக்கு மேற்பட்ட டீச்சர்மார், எல்லாரும் கோட்டில். ஒருத்தி தன் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் முதல் வருடத்தில், புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கோட் போடவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவள்தான். அவள் அழுதுகொண்டே போனாள்.

நான் தமிழ் ஐயா பக்கம் திரும்பினேன். "ஐயா, நீங்க சொல்லுங்க. ஆசிரியர்னா அதுல பெண்ணும் அடங்குமா, அடங்காதா?"

பாவம், நல்ல மனிதர். அவருக்குச் சம்பளமும் வேண்டும், இலக்கணமும் வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"அடங்கும்," என்றார். "ஆசிரியர்ங்கிறது இருபாலுக்கும் பொது. இலக்கணப்படி அடங்கும்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "சுற்றறிக்கைப்படி அடங்காது."

அண்ணாச்சி மேசையைத் தட்டினார். "எனக்கு இலக்கணம் கிலக்கணம் தெரியாதுவே. அடங்காத பொம்பளைக்கு இங்கன வேல இல்ல. அம்புட்டுதான்."

கிளார்க் என் ஆணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து கையில் கொடுத்தார். "ஆசிரியராக" என்பதில் கடைசி மூன்று எழுத்தின் மேல் ஒயிட்னர் தடவி, அதன்மேல் நீலப் பேனாவால் "யையாக" என்று எழுதியிருந்தது. இடம் போதாமல் எழுத்து இடித்துக்கொண்டு நின்றது. ஒயிட்னர் இன்னும் காயவில்லை, என் கட்டைவிரலில் ஒட்டியது. நான் பெண் என்பதை இந்தப் பள்ளிக்கூடம் இப்படித்தான் கண்டுபிடித்தது.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நான் போனால் போட்டிக்கு அவளைக் கூட்டிப் போவது புங்க மரத்தடிச் சார்தான். வெள்ளிக்கிழமை கோட் மாட்டிக்கொண்டு போனேன். வெட்கமாக இருந்தது. அவர்கள் முன்னால் அல்ல, அந்தப் பிள்ளை முன்னால். தடைகளை அவளே எடுத்து நட்டாள்.

போட்டிக்கு முந்தின வாரம் அவள் அம்மாவைப் பார்த்து, ஓடும்போது அரைக்கால் டிரவுசர் போட வேண்டும், நீளமான பேண்ட் தடையில் மாட்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா தயங்கவே இல்லை.

"ஓடுததுக்கு எது தோதோ அதப் போடட்டும் மிஸ். மில்லுல எங்களுக்கும் இதே கோட்டுதான். முந்தான மிஷின்ல மாட்டிரக் கூடாதுன்னு குடுத்திருக்கு. உங்களுக்கு எதுல மாட்டாம இருக்க?"

"கண்ணுலக்கா," என்றேன். அவர் காறித் துப்பினார். அந்த வருடத்தில் நான் கேட்ட நல்ல வாதம் அது.

பாளையங்கோட்டை மைதானத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். எட்டுத் தடையிலும் பின்னங்கால் மடங்கி, சுற்றி, சுத்தமாக விழுந்தது. முதலாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி. நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே கோட்டோடு ஓடி, அடிப் பொத்தான் ஒன்றைத் தொலைத்தேன். மாவட்டப் போட்டிக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் தூங்கிவிட்டாள்.

மறுவாரம் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இடது பக்கம் அண்ணாச்சி, கும்பிட்ட கையோடு, ஆள் உயரத்துக்கு. வலது பக்கம் பி.டி. சார், கழுத்தில் விசிலோடு. கீழே "பயிற்சியாளர்" என்று போட்டிருந்தது. நான் இல்லை, அது பற்றி எனக்கு ஆச்சரியமும் இல்லை. நடுவில் அந்தப் பிள்ளை, தடைக்கு மேலே பறக்கிற படம். பத்திரிகைக்காரர் யாரோ எடுத்தது. நல்ல படம்.

பிள்ளை ஃபிளெக்ஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை நீட்டினாள்.

"மிஸ், எம் பின்னங்கால் எங்க மிஸ்?"

கிட்டே போய்ப் பார்த்தேன். டிரவுசருக்குக் கீழே தெரிந்த தோலையெல்லாம் கறுப்பால் நிரப்பி முழு பேண்ட் ஆக்கியிருந்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கு முன்னங்கால் புரிந்திருக்கிறது. மடங்கியிருந்த பின்னங்காலை அவனுக்கு என்னவென்று தெரியவில்லை. அதையும் சேர்த்துப் பின்னணியோடு பின்னணியாகப் பூசி அழித்துவிட்டான். மூன்று நாள் அவளுக்கு முன்னால் ஓடி ஓடிக் காட்டின கால். அவளை ஜெயிக்க வைத்த கால். ஒற்றைக் காலோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் அண்ணாச்சி இருந்தார். கேட்டேன். "நான்தான் மறைக்கச் சொன்னேன்," என்றார். "பிள்ள தொடைய மெயின் ரோட்டுலயா காட்ட முடியும்? கண்ணியமா இருக்காண்டாமா?"

ஒரு தாள் வாங்கி ராஜினாமா எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே "உடற்கல்வி ஆசிரியர்" என்று போட்டேன். கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், ஆசிரியைன்னுல்லா…" என்று இழுத்தார். "ஒயிட்னர் உங்ககிட்டதான இருக்கு, தடவிக்கிடுங்க," என்றேன். மிச்சமிருந்த நாலு பொத்தானையும் அங்கேயே அவிழ்த்து, கோட்டைக் கழற்றி, அண்ணாச்சி உட்கார்ந்திருந்த நாற்காலி முதுகில் போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எங்கே என் இடுப்பு தெரிந்துவிடுமோ என்று.

வாசலில் பிள்ளை இன்னும் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விக்கிரமசிங்கபுரத்துக்கு வருகிறேன், தடைகளோடு வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவை என்றேன். "டிராக் பேண்ட்லயா மிஸ்?" என்றாள். ஆமாம் என்றேன்.

வாய்க்கால் ஓரமாகத் திரும்பி நடக்கும்போது காற்று நேரே முதுகில் பட்டது. வயலில் அன்றைக்குக் களையெடுப்பு. அந்த மூத்தவள் நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏ டீச்சரே, சட்டைய எங்க?"

"உடையவங்கிட்டயே குடுத்திட்டேன்," என்றேன்.